மழைக்காலமும் நம் வண்டிகளும்

(சங்கத்தின் செப்டம்பர் மாதப் பொதுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். தலைப்பு 'மழைக்கால வாகனப் பராமரிப்பு'. நான் மெக்கானிக் இல்லை, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் இன்ஜினைப் பிரித்து மாட்டும் வித்தையெல்லாம் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். சாதாரணமாக ஒரு கார், ஒரு ஸ்கூட்டர் வைத்திருப்பவர் தானே செய்துகொள்ளக்கூடியது என்ன, காகிதத்தில் பார்க்க வேண்டியது என்ன, மழையன்று செய்யக் கூடாதது என்ன, இந்த மூன்றை மட்டும் சொல்கிறேன். மூன்றாவதுதான் முக்கியம். அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். அதற்குள் யாரும் டீ குடிக்க எழுந்து போய்விடாதீர்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாவது வாரம் வாக்கில் தொடங்கும். சென்னைக்கு ஒரு வருடத்தில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் அந்த இரண்டு இரண்டரை மாதத்தில்தான் கொட்டுகிறது. ஆக, நமக்கு இருப்பது சுமார் ஒரு மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் முதல் பகுதி முடிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை வேலை

முதலில் டயர். காற்று எவ்வளவு வைக்க வேண்டும் என்று பெட்ரோல் பங்க் பையனைக் கேட்காதீர்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில வண்டிகளில் பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருப்பார்கள். அதில் உள்ள அளவுதான் உங்கள் வண்டிக்கு. ஓடி வந்த சூட்டில் அளந்தால் கூடுதலாகக் காட்டும். காலையில், டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். ஸ்டெப்னியையும் மறக்காமல் பாருங்கள். டிக்கியில் தேமே என்று படுத்திருக்கும் அதற்கு வருடக்கணக்கில் யாரும் காற்று பிடிப்பதில்லை. பஞ்சர் ஆன அன்றுதான் அதுவும் சப்பையாக இருப்பது தெரியும்.

அடுத்து டயரின் பட்டன். அதாவது அந்த வரிப்பள்ளங்கள். 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் டயரை மாற்ற வேண்டும். அளக்கக் கருவி தேவையில்லை. பள்ளத்துக்குள் ஆங்காங்கே சின்ன மேடு வைத்திருப்பார்கள். மேல் ரப்பரும் அந்த மேடும் சமமாகிவிட்டால் டயர் முடிந்தது என்று அர்த்தம். ஈர ரோட்டில் தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளங்கள்தான். அவை இல்லையென்றால் டயர் தண்ணீருக்கு மேல் சறுக்கும், பிரேக் போட்டாலும் வண்டி நிற்காது. வண்டியை அதிகம் எடுக்காதவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டு 23ஆவது வாரம் செய்த டயர் என்று பொருள். ஓடாத டயருக்கும் வயதாகும். பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் வெடித்திருந்தால் கடைக்காரரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

மூன்றாவது பேட்டரி. நம் குடியிருப்பில் பாதி வண்டிகள் வாரம் ஒருமுறை கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போகத்தான் எடுக்கப்படுகின்றன. பேட்டரி பொதுவாக மூன்றிலிருந்து ஐந்து வருடம் வரும். நன்றாக இருக்கும் பேட்டரி, வண்டி நின்றிருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் காட்டும். வண்டி ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். பேட்டரி கடையில் இரண்டே நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

இங்கே ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் கீழே வந்து வண்டியை ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் அப்படியே ஓடவிட்டு, பேப்பர் படித்துவிட்டு அணைக்கிறார்கள் சிலர். பேட்டரிக்கு நல்லது என்று நினைக்கிறார்கள். ஸ்டார்ட் செய்ய எடுத்த மின்சாரமே அந்தப் பத்து நிமிடத்தில் முழுதாகத் திரும்புமா என்பது சந்தேகம். வாரம் ஒருமுறை இருபது நிமிடம் ரோட்டில் ஓட்டினால் பேட்டரிக்கும் நல்லது, டயருக்கும் நல்லது, பிரேக்குக்கும் நல்லது. அதைவிட முக்கியம், நம் பார்க்கிங் பேஸ்மென்ட்டில் இருக்கிறது. மூடிய இடத்தில் ஓடும் இன்ஜினிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. கீழே எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் காவலர்தான் அதைச் சுவாசிக்கிறார்.

பேட்டரி படுத்துவிட்டால் பக்கத்து வண்டியிலிருந்து ஒயர் போட்டு எடுப்பது நாம் எல்லோரும் செய்வதுதான். வரிசையை மட்டும் நினைவில் வையுங்கள். சிவப்பு ஒயரை முதலில் படுத்த பேட்டரியின் பிளஸ்ஸிலும், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ்ஸிலும் மாட்டுங்கள். கறுப்பு ஒயரை நல்ல பேட்டரியின் மைனஸ்ஸில் மாட்டி, அதன் கடைசி முனையைப் படுத்த வண்டியின் இன்ஜின் பக்கம் பெயின்ட் இல்லாத ஓர் இரும்பில் மாட்டுங்கள். படுத்த பேட்டரியின் மைனஸ்ஸில் மாட்ட வேண்டாம். கடைசி முனை மாட்டும்போதுதான் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கக்கூடியது. அதனால்தான் பொறி பேட்டரிக்குத் தள்ளியே இருக்கட்டும் என்கிறார்கள்.

நான்காவது பேனட்டைத் திறப்பது. பயப்பட ஒன்றுமில்லை, ஆறிய வண்டியாக மட்டும் இருக்கட்டும். சமதளத்தில் நிறுத்தி டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். ஆயில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். கறுப்பாக இருப்பது சகஜம். பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கூலன்ட் டப்பாவிலும் இரண்டு கோடு உண்டு. வண்டி சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது சர்வீஸ் சென்டர்காரர் பில்லை ஏற்றுவதற்காக அல்ல.

பேனட்டைத் திறக்கும்போதே எலி வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மழை வந்தால் சாக்கடையில் இருக்கும் எலியெல்லாம் மேலே வரும். சூடாக, இருட்டாக, யாரும் தொந்தரவு செய்யாத இடம் நம் இன்ஜின்தான். ஒயரைக் கடித்துவிட்டால் செலவு ஆயிரத்திலும் முடியலாம், பல ஆயிரத்திலும் முடியலாம். ஒருவர் புகையிலை வைக்கிறார், ஒருவர் பாச்சை உருண்டை கட்டுகிறார். வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வண்டிக்குள் முறுக்கும் பிஸ்கட்டும் சிதறிக் கிடந்தால் எந்தப் புகையிலையும் வேலை செய்யாது. அதிகம் ஓடாத வண்டியின் பேனட்டை வாரம் ஒருமுறை திறந்து பார்ப்பதுதான் உருப்படியான வழி. ஸ்டார்ட் செய்யும் முன் பேனட்டில் இரண்டு தட்டு தட்டுங்கள். உள்ளே பூனைக்குட்டி தூங்கினால் எழுந்து ஓடிவிடும்.

ஐந்தாவது வைப்பர். வெயிலில் காய்ந்த ரப்பர் மழையில் கண்ணாடியைத் துடைக்காது, கோடு கோடாக இழுக்கும். வருடம் ஒருமுறை மழைக்கு முன் மாற்றிவிடுங்கள். கண்ணாடி உள்பக்கம் பனி படர்ந்தால் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டாமல் ஏ.சி.யைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிடுங்கள், ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடும்.

கடைசியாக ஒன்று. ஸ்டெப்னி மாற்றுவதை வெயிலில், நம் வாசலிலேயே ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்ச் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, நட்டுகளை முதலில் தரையிலேயே கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, பிறகுதான் ஜாக்கியில் ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டு நட்டைத் திருகினால் சக்கரம் சேர்ந்து சுற்றும், வண்டியும் ஆடும். பூட்டும்போது பக்கத்துப் பக்கத்து நட்டாக இறுக்காமல் எதிரெதிராக இறுக்குங்கள். வீட்டில் வண்டி ஓட்டும் பெண்களும் பிள்ளைகளும் ஒருமுறை செய்து பார்க்கட்டும்.

காகித வேலை

இரண்டாவது பகுதி எனக்குப் பழக்கமான துறை. இன்று வீட்டுக்குப் போனதும் பாலிசியை எடுத்து மூன்று விஷயம் பாருங்கள்.

ஒன்று, தேதி. 2018 செப்டம்பரிலிருந்து புதுக் கார் வாங்கும்போது மூன்று வருடத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஷோரூமில் கொடுக்கும் பாலிசியில் பெரும்பாலும் மூன்றாம் நபர் பகுதி மூன்று வருடத்துக்கு இருக்கும். சொந்தச் சேதப் பகுதி ஒரே ஒரு வருடத்துக்கு இருக்கும். இரண்டு தேதியும் ஒரே காகிதத்தில்தான் அச்சாகியிருக்கும். பெரிய தேதியைப் பார்த்துவிட்டு 'இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது' என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. வெள்ளத்தில் உங்கள் வண்டிக்கு வரும் சேதத்தைத் தருவது சொந்தச் சேதப் பகுதிதான். அது காலாவதியாகியிருந்தால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட வராது.

இரண்டு, இன்ஜின் பாதுகாப்பு. சாதாரண முழுக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் அடங்கும். சீட் நனைந்தது, ஒயரிங் போனது என்பதற்கெல்லாம் கிடைக்கும். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை நீங்களே ஸ்டார்ட் செய்து அதனால் இன்ஜின் உடைந்தால், அது பின்விளைவுச் சேதம் என்று மறுத்துவிடுவார்கள். அதற்கென்று தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டி இன்ஜின் பாதுகாப்பு சேர்க்க வேண்டும். தாழ்வான பகுதியில் இருக்கும் நமக்கு இது தேவை. வண்டி பழையதாகிவிட்டால் பல நிறுவனங்கள் இதைத் தருவதில்லை. ஆகவே கிடைக்கும் வரை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, நோ கிளெய்ம் போனஸ். கிளெய்ம் செய்யாத ஒவ்வொரு வருடத்துக்கும் சொந்தச் சேதப் பிரீமியத்தில் தள்ளுபடி உண்டு. 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒரு கிளெய்ம் செய்தால் மறுபடி பூஜ்யம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் சொந்தச் சேதப் பிரீமியம் 10,000 ரூபாய், நீங்கள் 50 சதவீதத்தில் இருக்கிறீர்கள், 5,000 கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். பம்பரில் கீறல் என்று ஒரு கிளெய்ம் செய்தால் அடுத்த வருடம் 10,000, பிறகு 8,000, 7,500, 6,500, 5,500 என்று கட்டித்தான் மறுபடி 5,000க்கு வருவீர்கள். இடையில் கூடுதலாகக் கட்டியது 12,500 ரூபாய். இது போக, ஒவ்வொரு கிளெய்மிலும் கட்டாயமாக நம் கையிலிருந்து போகும் தொகை ஒன்று உண்டு. 1500 சி.சி. வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் பாதி போய்விடும். பம்பர் பிளாஸ்டிக்தான். ஆகவே ஐயாயிரம் ஆறாயிரம் டிங்கரிங் வேலையைக் கையிலிருந்து செய்துவிட்டு, போனஸை வெள்ளம் மாதிரி பெரிய விஷயத்துக்கு வைத்துக்கொள்வதே லாபம். போனஸ் வண்டிக்கு அல்ல, உங்களுக்கு உரியது. வண்டியை விற்றாலும் புது வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் அதுவும் போய்விடும்.

பாலிசி, ஆர்.சி., மாசுச் சான்றிதழ், லைசென்ஸ் நான்கையும் போனில் படமெடுத்து வையுங்கள். வண்டியின் டேஷ்போர்டுக்குள் மட்டும் வைத்திருந்தால், வண்டி மூழ்கும்போது அவையும் மூழ்கிவிடும்.

ரோட்டில் தண்ணீர்

வண்டி ஓட்டும்போது எதிரே தண்ணீர் நின்றால் அளவுகோல் உங்கள் சக்கரம்தான். சக்கரத்தின் நடுப்பகுதிக்கு மேல் தண்ணீர் வரும் என்று தோன்றினால் போகாதீர்கள், திரும்பிவிடுங்கள். நின்றிருக்கும் தண்ணீர் வேறு, ஓடும் தண்ணீர் வேறு. ஓடும் தண்ணீர் ஒரு அடி இருந்தாலே சின்னக் காரை நகர்த்திவிடும், இரண்டு அடி இருந்தால் பெரிய வண்டியையும் இழுக்கும். சுரங்கப்பாதையில் முன்னால் ஒரு பஸ் போகிறதே என்று பின்னாலேயே போகாதீர்கள். பஸ்ஸின் உயரம் வேறு, நம் உயரம் வேறு. அது கிளப்பும் அலை நம் பேனட்டுக்கு மேல் வரும்.

குறைந்த தண்ணீரில் போக வேண்டியிருந்தால் முதல் கியரில், ஆக்ஸிலரேட்டரை ஒரே சீராக வைத்து, நடுவில் நிற்காமல், கியர் மாற்றாமல் கடந்துவிடுங்கள். கடந்தபின் பிரேக்கை லேசாக இரண்டு மூன்று முறை அழுத்திப் பாருங்கள். ஈரமான பிரேக் முதலில் பிடிக்காது.

நடுவில் அணைந்துவிட்டால் மறுபடி சாவியைத் திருகக் கூடாது. இதன் காரணத்தைத் தெரிந்துகொண்டால் மறக்காது. இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலே வந்து அழுத்துவது காற்றை. காற்று சுருங்கிக் கொடுக்கும். உள்ளே தண்ணீர் போயிருந்தால், தண்ணீர் சுருங்காது. பிஸ்டன் மேலே வர முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில ஆயிரத்தில் சுத்தம் செய்து முடித்திருக்கக்கூடியது லட்சக் கணக்கில் இழுத்துவிடும். ஸ்கூட்டர், பைக்குக்கும் இதே விதி. சைலன்சர் வரை மூழ்கியதை செல்ஃப் அடித்தும் கிக்கர் உதைத்தும் பார்க்காதீர்கள். எலெக்ட்ரிக் வண்டி நனைந்திருந்தால் சார்ஜில் போடாதீர்கள், கம்பெனிக்காரர் பார்த்த பிறகு போடலாம்.

நின்ற இடத்திலேயே மூழ்கிய வண்டிக்கு, தண்ணீர் வடிந்த பிறகு செய்ய வேண்டியவை இவை. ஸ்டார்ட் செய்ய வேண்டாம். தண்ணீர் எதுவரை ஏறியது என்பது தெரியும்படி உள்ளும் புறமும் படம் எடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே போன் செய்து கிளெய்ம் எண் வாங்குங்கள். சர்வேயர் பார்க்கும் முன் வேலை தொடங்க வேண்டாம். பேட்டரி மைனஸ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். ஓட்டிக்கொண்டு போகாமல், வண்டியையே மேலே ஏற்றிக்கொண்டு போகும் ரெக்கவரி வேனில் அனுப்புங்கள்.

பேஸ்மென்ட்

இப்போது மூன்றாவது விஷயம். இதற்காகத்தான் நான் பேச ஒப்புக்கொண்டேன்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனை பேஸ்மென்ட்கள் நிரம்பின என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கரணையில் ஒரு குடியிருப்பிலிருந்து கார்கள் மிதந்து போன காணொளியைப் பார்க்காதவர் இருக்க முடியாது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரிக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். பலர் அதைக் கேலி செய்தார்கள். எனக்கு அவர்கள் மீது மரியாதைதான். வண்டியை எடுக்க வேண்டிய நேரம் மழைக்கு முன்பு என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள்.

தென் கொரியாவில் போஹாங் என்று ஓர் ஊர். 2022 செப்டம்பர் 6ஆம் தேதி அதிகாலை, ஹின்னம்னோர் புயல் மழை. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் நிர்வாகத்தினர் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தார்கள், பார்க்கிங்கில் இருக்கும் கார்களை வெளியே எடுங்கள் என்று. நல்ல எண்ணத்தில் செய்த அறிவிப்பு. மக்களும் கீழே போனார்கள். பக்கத்து ஓடை கரை புரண்டு தண்ணீர் உள்ளே பாய்ந்து, சில நிமிடங்களில் நிரம்பிவிட்டது. ஏழு பேர் இறந்தார்கள். இரண்டு பேர் பல மணி நேரம் கழித்து உயிருடன் மீட்கப்பட்டார்கள். இறந்தவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான். தவணை கட்டிய வண்டியைக் காப்பாற்றப் போனவர்கள். டெல்லியில் 2024 ஜூலையில் ஒரு பயிற்சி நிலையத்தின் பேஸ்மென்ட்டில் மழைத் தண்ணீர் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும்.

'முழங்கால் தண்ணீர்தானே, ஓடிப்போய் எடுத்துவிட்டு வந்துவிடலாம்' என்று தோன்றும். ஒரு கணக்குச் சொல்கிறேன். மூன்றடி அகலக் கதவு ஒன்றின் ஒரு பக்கம் மட்டும் ஒன்றரை அடி தண்ணீர் நின்றால், அது கதவின் மேல் ஏறத்தாழ 95 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். இரண்டு அடி ஆனால் 170 கிலோ. ஆழம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. மாடிப்படிக் கதவுக்கும் இதே கணக்குத்தான், கார் கதவுக்கும் இதே கணக்குத்தான். நல்ல உடம்பு உள்ள இளைஞராலும் தள்ள முடியாது. அந்த நேரம் கரன்ட் போயிருக்கும், இருட்டாக இருக்கும், லிப்ட் நின்றிருக்கும். கரன்ட் போகவில்லை என்றால் அது இன்னும் ஆபத்து. நம் மீட்டர் போர்டும் மோட்டார் சுவிட்சும் கீழேதான் இருக்கின்றன. ரேம்ப் வழியாக வரும் தண்ணீர் மெல்ல ஏறுவதில்லை, வாசல் மேட்டைத் தாண்டிய நிமிடத்திலிருந்து அருவி மாதிரி இறங்கும்.

இன்னொரு விஷயம், இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. இரவு இரண்டு மணிக்கு மழை வலுத்தால் நம்மில் பலர் முதலில் செய்வது இன்டர்காமில் காவலரைக் கூப்பிடுவது. 'அண்ணே, வண்டியைக் கொஞ்சம் மேலே ஏத்திடுங்க, சாவியை லிப்ட்ல அனுப்பறேன்.' கேட்பவருக்கு அது சின்ன உதவி. அவருக்கு முப்பது வீட்டிலிருந்து முப்பது சாவி வரும். முடியாது என்று சொல்ல அவரால் முடியாது. சொன்னால் மறுநாள் ஏஜென்சிக்குப் புகார் போகும் என்று அவருக்குத் தெரியும். அவர் ஊரில் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு நம் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். நம் காருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. அவர் உயிருக்கு நாம் என்ன எடுத்து வைத்திருக்கிறோம்? காகிதக் கணக்குத்தான் வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாதவர் கையில் வண்டியைக் கொடுத்து ஏதாவது நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கிளெய்மை மறுக்கலாம். ஆனால் அது இரண்டாவது காரணம்.

ஆகவே சங்கத்தின் முன் நான்கு யோசனைகளை வைக்கிறேன். இன்றே தீர்மானமாக எடுத்துக்கொண்டால் மகிழ்ச்சி.

ஒன்று, வண்டியை மேலே எடுப்பது முந்தின நாள் வேலை. வானிலை மையத்தின் ஆரஞ்சு எச்சரிக்கை பொதுவாக 12 முதல் 20 சென்டிமீட்டர் வரை மழை எதிர்பார்க்கும்போது தரப்படுகிறது, ரெட் அதற்கும் மேல். ஆரஞ்சு வந்தாலே அன்று மாலை வெளிச்சத்திலேயே வண்டிகளை எடுத்துவிடுவோம். எந்தத் தெரு மேடு, எந்தப் பள்ளி மைதானம் கேட்கலாம் என்று இப்போதே பேசி வைப்போம். எல்லோரும் இப்போதிலிருந்தே முன்பக்கம் வெளியே பார்க்கும்படி வண்டியை நிறுத்துங்கள். எடுப்பதும் சுலபம், விளையாடும் குழந்தைகளுக்கு நடுவில் ரிவர்ஸ் எடுக்கும் ஆபத்தும் குறையும்.

இரண்டு, வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர்களும், வண்டி ஓட்ட முடியாத பெரியவர்களும் சாவியை லைசென்ஸ் உள்ள ஒரு பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்து வையுங்கள். யார் சாவி யாரிடம் என்று அலுவலகத்தில் ஒரு நோட்டு போடுவோம். அந்த நோட்டை எழுதிப் பராமரிக்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

மூன்று, வாசல் மேட்டைத் தண்ணீர் தொட்டவுடன் ரேம்ப்பின் குறுக்கே சங்கிலி போட வேண்டும், பேஸ்மென்ட் மின்சாரத்தை மேலேயிருந்தே நிறுத்தும் வசதி இருக்க வேண்டும். இதற்கு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இந்த மாதமே பார்த்துவிடுவோம். சங்கிலி போட்ட பிறகு யாரும் கீழே போகக் கூடாது, மோட்டார் போடக்கூட. 'வண்டியை எடுங்கள்' என்ற அறிவிப்பும் அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் வரக் கூடாது. அந்த நேரத்தில் வர வேண்டிய அறிவிப்பு ஒன்றுதான்: 'கீழே போகாதீர்கள்.'

நான்கு, காவலர்களை எந்த நிலையிலும் யாரும் கீழே அனுப்பக் கூடாது. அவர்கள் மறுத்தால் அதற்காக யாரும் புகார் சொல்லக் கூடாது. இதைத் தமிழிலும் ஹிந்தியிலும் எழுதி, தலைவர் கையெழுத்துடன் அவர்கள் அறையில் ஒட்ட வேண்டும். அப்போதுதான் இரவு இரண்டு மணிக்கு இன்டர்காமில் 'முடியாது சார்' என்று சொல்லும் தைரியம் அவர்களுக்கு வரும்.

என் இருபது நிமிடம் முடிந்தது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். டயர், பேட்டரி, வைப்பர் பற்றிச் சொன்னதில் பாதி மறந்தாலும் பரவாயில்லை, மெக்கானிக் இருக்கிறார். பாலிசியில் சந்தேகம் இருந்தால் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து படித்துப் பார்க்கலாம். நான்கு யோசனைகளையும் தலைவர் இப்போது வாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.